முதலில் எழுந்தது கன்று

திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். அவ்வூர்த் தெருவில் குழந்தைச் சுந்தரர் சிறுதேர் உருட்டி விளையாடுவதைக் கண்ட நரசிங்க முனையரையர், ஆசையால் அவரைத் தம் அரண்மனைக்கு அழைத்துப் போய் வளர்த்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அண்மையில் அந்தத் தெருவில் நடந்தபோது, அதே காவியத்தில் வரும் இன்னொரு தேர் என் நினைவுக்கு வந்தது. திருவாரூர் வீதியில் பசுங்கன்றின் மேல் ஏறிய தேர் அது.

மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாம் அரசனுடைய கண்டிப்பை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். சேக்கிழாரையே எடுத்துப் படித்தால் வேறு சங்கதிகளும் தெரிய வரும். இளவரசன் குடித்திருக்கவில்லை. கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. அவன் துடிதுடித்துப் பிராயச்சித்தம் தேடி ஓடினான். அதுவே போதும் என்றார்கள் மந்திரிகள். அரசன் கேட்டது ஒரே கேள்வி: அயலான் ஓர் உயிரைக் கொன்றால் மரண தண்டனை; என் மகன் கொன்றால் மட்டும் பிராயச்சித்தமா?

இந்தக் கேள்வி இன்னும் பழசாகிவிடவில்லை. 1999 ஜனவரியில் டில்லி லோதி சாலையில், முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரின் பேரனான சஞ்சீவ் நந்தா குடித்துவிட்டு ஓட்டிய கார் ஆறு பேரைக் கொன்றது. 2008இல் விதித்த ஐந்து ஆண்டுச் சிறை, மறு ஆண்டு உயர் நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டாயிற்று. 2012இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தின் பிரிவைக் கடுமையாக்கியது. ஆனால் சிறையில் கழித்த காலமே போதுமென்று சொல்லி, 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டுச் சமூக சேவையும் விதித்தது. 2006இல் பம்பாயில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் மீது காரை ஏற்றிய அலிஸ்டர் பெரேராவுக்கோ அதே நீதிமன்றம், அதே 2012இல், அதே பிரிவின் கீழ் மூன்று ஆண்டை உறுதி செய்தது. பத்து ஆண்டு வரை விதிக்க இடமுள்ள பிரிவு அது. 2024இல் புனாவில் இரண்டு பேர் இறந்த வழக்கில், காரை ஓட்டிய சிறுவனுக்கு முதலில் ஜாமீன் கிடைத்தபோது, விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நான் எழுதும் இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அப்படியானால் தேர்க்காலில் இட வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டாம். தவறி நேர்ந்ததற்கு மகன் உயிரையே வாங்கிய தீர்ப்பில் அளவு இல்லை. அதை நிறைவேற்றப் பணிக்கப்பட்ட மந்திரி, மாட்டாமல் தம் உயிரையே விட்டார் என்று எழுதியவர் சேக்கிழார். அந்த நெருடல் அவருக்கே இருந்திருக்கிறது. அதனால்தான் முடிவில் இறைவனை வரவழைக்கிறார். சிறையில் திருந்தியவனை முன்கூட்டி விடுவதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. இரக்கத்துக்கும் சட்டத்தில் இடம் வேண்டும்.

ஆனால் அந்த இரக்கத்தைக் கவி எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். உயிர் பெற்று எழுந்தவர்களைச் சொல்லும்போது முதலில் கன்று, அப்புறம் இளவரசன், பிறகு மந்திரி. நம்முடைய இரக்கத்தில் இளவரசன் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறான். கன்றை எழுப்ப எந்த நீதிபதியாலும் ஆகாது, அது உண்மைதான். தண்டனையைக் குறைக்கு முன், ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்த பசு இன்னும் வாசலில் நிற்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கவாவது முடியுமல்லவா?