காகிதம் சுற்றிய புட்டிகள்

கிராஃப்ட் பியரின் லேபிளைக் காகிதத்தால் மூடிவிட்டால் போதும், கூட்டத்திலுள்ள நிபுணர்களில் பாதிப் பேர் வாயையும் மூடிக்கொள்வார்கள். இப்படி லேபிள் தெரியாமல் நடத்தும் சுவைப் போட்டியில் ஊற்றுகிறவர் சேரக் கூடாது. கிளாஸ்களில் எண் மட்டும். கோதுமை பியர் முதலில், கசப்பேறிய ஐபிஏ பிறகு, கறுத்த ஸ்டவுட் கடைசியில். வரிசை மாறினால் நாக்கு மரத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றுவதும் தப்பு. 8 முதல் 12 டிகிரியில்தான் ஹாப்ஸ் பூக்களின் எலுமிச்சை, மாம்பழ வாசம் எழும். ஐஸ் குளிர் குறையை மறைக்கும். (சில பியர்களைக் குளிரக் குளிரக் குடிக்கச் சொல்வது அதற்காகத்தானோ என்னவோ.)

எனக்குப் பிடித்தது முக்கோணச் சோதனை. 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருவானது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரே சுற்றில் யாருக்கும் பட்டம் கட்டிவிடக் கூடாது. பார்க்க வேண்டியது முகங்களை: முதல் கிளாஸை மோந்து, மூன்றாவதைச் சப்புக்கொட்டி, மறுபடி முதலுக்கே திரும்பி, பக்கத்து ஆளின் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். மிக்சர் தட்டை முடிவு வாசித்த பிறகே வெளியே எடுங்கள்.