டி-ஷர்ட்டுக்குப் பின்னால் ஒரு இசைத்தட்டு

கறுப்புத் துணியில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் போட்ட டி-ஷர்ட்டை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பையனே போட்டிருக்கலாம். 'என்னப்பா இது?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏதோ டிசைன் அங்கிள்' என்பான்.

டிசைன் இல்லை. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த முதல் பல்ஸார் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகள். சுமார் 1.3 செகண்டுக்கு ஒன்று. ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்த வரைபடத்தை கறுப்பு வெள்ளை மாற்றிப் போட்டு எல்.பி. உறையாக்கியவர் பீட்டர் ஸாவில். ஆல்பம், ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் குழுவின் 'அன்நோன் பிளெஷர்ஸ்', 1979. முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. ஃபாக்டரி என்ற சின்ன கம்பெனி முதலில் போட்டது 10,000 தட்டுகள்.

மேடையில் இவர்கள் காதைக் கிழிக்கிற ரகம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அந்தச் சத்தத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார். டிரம்ஸைத் தனித்தனியாக அடிக்கவைத்துப் பதிவு செய்தார். ஸ்டூடியோவின் லிஃப்ட் சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம் எல்லாம் உள்ளே வந்தன. கிடார் பின்னால் போய், காலி மண்டபத்தில் கேட்பது போல் ஒரு வெறுமை. குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. என் தீர்ப்பு தயாரிப்பாளர் பக்கம். அந்த வெறுமைதான் ஆல்பமே. வெறும் பங்க் வேகத்தில் ஓடும் 'இன்டர்ஸோன்' பாட்டு மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கிறது.

பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவை வைத்தே ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்வது சோம்பேறித்தனம். பாடியபோது அவர் உயிரோடு இருந்தார் ஐயா!

இதை ஏன் தட்டில் கேட்க வேண்டும்? 'தட்டில்தான் ஒலி சுத்தம்' என்பார்கள் ரசிகர்கள். நம்பாதீர்கள். கீறல், தூசு எல்லாவற்றையும் சேர்த்து டிஜிட்டலைவிட சுத்தம் என்று எந்தக் கருவியும் சொல்லாது. காரணம் வேறு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், முள் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது, ஒலி நெருக்கியடித்துக்கொள்கிறது. பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்தான் நல்லபடியாகக் கொள்ளும். எனவே ஆல்பத்துக்கு இடைவேளை கட்டாயம்.

இந்தக் கட்டாயத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஏ, பி என்று போடாமல் 'வெளியே', 'உள்ளே' என்று பக்கங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 'நியூ டான் ஃபேட்ஸ்' உச்சத்துக்குப் போய் முடிகிறது. நீங்கள் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்த அரை நிமிஷ மௌனத்துக்குப் பிறகுதான் உள்ளே போகிறீர்கள். செல்போனில் இந்த வாசற்படியே கிடையாது. அடுத்த பாட்டு முட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் தட்டு வாங்குகிறவர்களில் பாதிப்பேரிடம்தான் அதைப் போட்டுக் கேட்க பிளேயர் இருக்கிறது என்று 2023-ல் லுமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. மற்றவர்கள்? சுவரில் மாட்டுகிறார்கள், விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைக்கிறார்கள். அவர்களுக்கும் டி-ஷர்ட் பையனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையனாவது செலவு குறைவாகச் செய்திருக்கிறான்.

உங்களிடம் எந்தத் தட்டு இருந்தாலும் சரி, இன்று ராத்திரி எடுத்துப் போடுங்கள். கீறல் விழட்டும். கேட்டதற்கு அடையாளம் அதுதானே?