ஒரு கிரவுண்டுக்கு எத்தனை அடி சுவர்?

சென்னையில் மனை வாங்கின யாரைக் கேட்டாலும், ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடின்னு பட்டுனு சொல்லிடுவாங்க. அதைச் சுற்றிக் காம்பவுண்ட் சுவர் கட்ட எத்தனை அடி வரும்னு கேட்டுப் பாருங்க. 40-க்கு 60 மனையை மனசில் வைத்துக்கொண்டு சிலர் 200 அடி என்பார்கள். சரியான பதில், 'மனையின் வடிவம் தெரியாமல் சொல்ல முடியாது' என்பதுதான். 30-க்கு 80 என்றால் 220 அடி. மயிலாப்பூரின் பழைய வீடுகள் மாதிரி முகப்பு குறுகி உள்ளே நீளும் 20-க்கு 120 மனை என்றால் 280 அடி. மூணும் ஒரே கிரவுண்ட்தான்.

இந்தச் 'சொல்ல முடியாது'-வை நம்ம கணக்குப் புத்தகம் எங்கே கற்றுத்தருகிறது?

தமிழ்நாட்டில் 2018-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் 'சுற்றளவு மற்றும் பரப்பளவு' என்று ஒரு பாடம் இருக்கு. முதலில் சுற்றளவு, அதற்கு வாய்பாடு. பிறகு பரப்பளவு, அதற்கும் வாய்பாடு. படங்கள் தெளிவு, கணக்குகளும் நிறைய. ஆனால் பெரும்பாலான கணக்குகளில் நீளமும் அகலமும் கையில் கொடுக்கப்பட்டுவிடும். அதே இரண்டு எண்கள்தான். கூட்டி இரண்டால் பெருக்குவதா, நேராகப் பெருக்குவதா என்பது மட்டும்தான் பிள்ளை முடிவு செய்யணும். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பார்த்தால் அதையும் முடிவு செய்துவிடலாம். முழு மதிப்பெண் வாங்க வேலியும் நிலமும் வேறு வேறு என்று புரியவேண்டிய அவசியமே இல்லை.

இதே பாடத்தில் அருமையான ஒரு பகுதியும் உண்டு. ஒரு வடிவத்திலிருந்து ஒரு துண்டை நீக்கினாலோ சேர்த்தாலோ என்ன ஆகும் என்பது. நம்ம 40-க்கு 60 மனையின் மூலையில் 10-க்கு 10 துண்டை வெட்டி எடுங்க. பரப்பு 2300 ஆகக் குறையும், சுற்றளவு அதே 200. அதே துண்டை மூலையில் இல்லாமல் பக்கத்தின் நடுவில் வெட்டினால், பரப்பு குறையும், சுற்றளவு 220 ஆகக் கூடும்! பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்கிற விஷயம் இது. வாய்பாடுகளுக்குப் பின்னால் வருவதால், பாடத்தை முடிக்கிற அவசரத்தில் முதலில் அடிபடுவதும் இதுதான்.

என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய 'மேத் மேஜிக்' ஐந்தாம் வகுப்புப் புத்தகம் இதை வேறு மாதிரி செய்தது. 15 செ.மீ. நூலின் இரு முனைகளையும் சேர்த்து, கட்டம் போட்ட தாளில் விதவிதமான வடிவங்கள் செய்யச் சொன்னது. நூல் மாறாது, உள்ளே அடைபடும் கட்டங்கள் மாறும். அந்த வரிசைப் புத்தகங்கள் 2005 தேசியக் கலைத்திட்டத்தின் வழியில் வந்தவை. அதன் கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. ராமானுஜம். வாய்பாட்டை ஒப்பிப்பதைவிடப் பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்று சொன்ன குழு அது. பக்கத்திலேயே இருந்த யோசனை நம்ம புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வரவில்லையே என்பதுதான் என் குறை.

'வாய்பாடு வேண்டாமா?' என்று கேட்பீர்கள். கட்டாயம் வேணும். எப்போது ஒன்றிலிருந்து மற்றது கிடைக்கும் என்பதும் வேணும். கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்கு, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது. சரியான விதி. சுற்றளவு தெரிந்தாலே வட்டம் எது என்பது முடிவாகிவிடும். சதுரமும் அப்படித்தான். 200 அடி சுவருக்குள் சதுரம் என்றால் 2500 சதுர அடி, வேறு வழியில்லை. செவ்வகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதே 200 அடி சுவருக்குள் 40-க்கு 60 என்றால் 2400, 30-க்கு 70 என்றால் 2100, 20-க்கு 80 என்றால் வெறும் 1600.

இது சின்னப் பிள்ளைகளின் குழப்பம் மட்டும் இல்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், ஊரின் அளவை மதிலின் நீளத்தை வைத்து எடைபோடுபவர்களைக் கண்டிக்கிறார். மெகலோபொலிஸின் சுற்று 50 ஸ்டேடியம், ஸ்பார்ட்டாவின் சுற்று 48. ஆனாலும் ஸ்பார்ட்டாதான் இரண்டு மடங்கு பெரியது என்கிறார். சின்ன வயசில் படித்த வடிவியலை மறந்ததுதான் காரணமாம்.

புத்தகத்தில் ஒரு வரி கூட மாற்ற வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதல் நாள் நூலும் கட்டத்தாளும். அடுத்து, துண்டை வெட்டும் அந்தப் பகுதி. வாய்பாடு மூன்றாவதாக வரட்டும். தேர்வில் ஒரு கேள்வியாவது இப்படி இருக்கட்டும்: ஓர் அறைக்கு 120 சதுர அடி டைல்ஸ் வாங்கியாச்சு, சுவரோரம் ஒட்ட எத்தனை அடி ஸ்கர்ட்டிங் வேணும்? 'அறையின் நீளம் அகலம் தெரியாமல் சொல்ல முடியாது' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். வாழ்நாள் சேமிப்பைச் சதுர அடிக் கணக்கில் கொடுக்கப்போகிற ஊரில் வளர்கிற பிள்ளை அது.