சிவராமுக்கு மாலை போடும் சங்கங்கள்

1947இல் மலாயாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் வட்டாரத்துப் பால்வெட்டுத் தொழிலாளர் கூலிக்காகவும் மானத்துக்காகவும் எழுந்தபோது போலீஸ் கெடுபிடியில் உயிர்கள் போயின. மறுவருஷம் அவசரகாலம். அரிசி கேட்டுக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் போராளிக்குக் கொடுத்தால் சிறை, கொடுக்காவிட்டால் தோட்டா. கெடா லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அரசியல் கொலை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பது தெரியும். இலங்கையில் கொல்லப்பட்ட பத்திரிகையாளருக்கு ஊடகச் சங்கங்கள் எடுக்கும் நினைவுக்கூட்டங்களை நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

தர்மரத்தினம் சிவராம் 'தராக்கி' என்ற பெயரில் எழுதிய மட்டக்களப்புக்காரர், 'தமிழ்நெட்' செய்தித் தளத்தின் ஆசிரியர். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் போலீஸ் நிலையத்துக்கு எதிரிலேயே கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே உடல் கிடந்தது. அன்றிரவு கடைசியாக அவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிங்களத் தொழிற்சங்கவாதி ஒருவரும் உண்டு. இந்தச் செய்தியை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

விடுதலைப் புலிகள் அவருக்கு 'மாமனிதர்' பட்டம் அளித்தார்கள். ஊடகச் சங்கங்களும் அஞ்சலி செலுத்தின. இரண்டும் ஒன்றல்ல. ஆயுத இயக்கம் இறந்தவரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்கிறது. சங்கம் அவர் செய்த தொழிலுக்காக நிற்கிறது. எழுதியதற்காக ஒருவரைக் கொல்லக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

அவரே ஒருகாலத்தில் புளொட் என்ற தமிழ் ஆயுத இயக்கத்தில் இருந்தவர், பக்கம் சார்ந்து எழுதியவர், அவருக்கு எதற்கு மாலை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அதை மழுப்பி, அவரை அரசியலே அறியாத நிருபராகக் காட்டும் அஞ்சலிகள் பொய்யானவை. ஆனால் வேலைநீக்கம் செய்யப்பட்ட தோட்டத் தொழிலாளிக்காகத் தொழில் நீதிமன்றத்தில் வாதாடும் சங்கம், அவன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டான் என்று கேட்பதில்லை. இங்கும் கேட்கக் கூடாது. மாலை போட்டது சரி.

சறுக்கல் வேறிடத்தில் நிகழக்கூடும். 2004 மே 31இல் மட்டக்களப்பில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 16இல், கொழும்பில், புலிகளுக்கு எதிரான தமிழ்க் கட்சியான ஈ.பி.டி.பி.யைச் சேர்ந்த பத்திரிகையாளர் பாலநடராஜ ஐயர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் சந்தேகம் புலிகள்மீது விழுந்தது. புலம்பெயர் மேடைகளில் முதல் பெயர் முழங்குகிறது. இரண்டாவது பெயரைச் சொன்னால் துரோகி என்ற சொல் வந்துவிடுமோ என்ற தயக்கம். அந்தத் தயக்கம் இருக்கும்வரை அந்த மேடை வன்முறையை எதிர்ப்பதாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது ஒரு தரப்பின் துக்கம். துக்கப்பட உரிமை உண்டு. அதற்குத் தொழிற்சங்கத்தின் பெயர் வேண்டாம்.

இன்னொன்று, வழக்கு. 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் நிமலராஜன், நடேசன், சிவராம்: மூவர் கொலைக்கும் இதுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கலையும் கூட்டத்துக்குச் சங்கம் எதற்கு? விசாரணையை ஆண்டுதோறும் கேட்டு, பதில் வராவிட்டால் மறுபடி வீதிக்கு வரக்கூடிய அமைப்பு என்பதால்தான் அதற்குச் சங்கம் என்று பெயர். ஏப்ரல் கூட்டத்தின் முதல் தீர்மானம் சிவராம் வழக்கின் மறுவிசாரணையாக இருக்கட்டும். வாசிக்கும் பெயர்ப்பட்டியலில் நடேசனுக்கு அடுத்த வரியில் பாலநடராஜ ஐயர் வரட்டும்.