பெயரும் ஒலியும்: ‘டபுள் பாஸ்’ கருவியின் பெயர்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்த செங்கம் சாலைப் பகுதி பன்மொழியினர் வந்து தங்கும் இடம். இளையராஜாவின் ‘ரமண மாலை’ப் பாடல்கள் வழியாகவும் இசை அன்பர்கள் அவ்விடத்தை அறிவர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது இவ்வூரிலேயே என்பது மரபு. அவரது திருவாசகப் பாடல்கள் சிலவற்றை இளையராஜா 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் இணைந்து இசைவடிவமாக வெளியிட்டார். தமிழ்ப் பனுவல் ஒன்று மேலைச் செவ்வியல் இசைக்குழுவின் ஒலியில் அமைந்தபோது, அவ்வொலியைத் தமிழில் எவ்வாறு விளக்குவது என்ற வினாவும் உடன் எழுந்தது. சிம்பொனிக் குழுவின் நரம்புக் கருவிகளுள் மிகப் பெரியதும் மிகத் தாழ்ந்து ஒலிப்பதுமான டபுள் பாஸ் இவ்வினாவிற்குத் தக்க சான்றாகும்.

பெயர்களும் பெயரிடுவோர் நோக்கும்

ஏறத்தாழ ஆறடி உயரமுடைய இக்கருவியை ஜெர்மானியர் கோன்ட்ராபாஸ் என்றும் இத்தாலியர் கோன்ட்ராபாஸ்ஸோ என்றும் அழைப்பர். ஆங்கிலத்திலோ ஒரே கருவிக்குப் பல பெயர்கள் உண்டு. செல்லோவின் இசைவரியையே ஒரு தாயி கீழே இரட்டித்து வாசித்தமையால் டபுள் பாஸ் எனப்பட்டது. காற்றுக் கருவிக் குழுக்களில் டியூபாவினின்று பிரித்தறிய ஸ்ட்ரிங் பாஸ் எனப்பட்டது. 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் மின் பாஸ் கித்தார் அறிமுகமாகிப் பரவிய பின், நிறுத்தி வாசிப்பதனால் அப்ரைட் பாஸ் என்னும் பெயர் வழக்கில் வலுப்பெற்றது. நாட்டார் இசையில் புல் ஃபிடில் என்பர். அதாவது, காளை போன்ற பெரும் பிடில்.

இப்பெயர்களுள் எதுவும் கருவியை முழுமையாக வரையறுக்கவில்லை. ஒவ்வொன்றும் பெயரிட்டவர் அதனை எதனோடு ஒப்பிட்டார் என்பதையே காட்டுகிறது. ஆகவே பெயரை மொழிபெயர்ப்பதும் கருவியை விளக்குவதும் வெவ்வேறு செயல்களாகும்.

சொல்லாக்கத்தில் நேரும் பிழைகள்

‘டபுள்’ என்பதை ‘இரட்டை’ எனப் பெயர்த்தால் இரண்டு கருவிகளோ இரண்டு தண்டுகளோ உள்ளன என்ற பொருள் தோன்றும். ‘பெருவயலின்’ என்பது அளவைக் காட்டும். ஆனால் வயலினுக்கு மேலைமுறையில் அடுத்தடுத்த நரம்புகள் குரல்–இளி இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட, டபுள் பாஸின் நான்கு நரம்புகள் குரல்–உழை இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அச்சொல் மறைத்துவிடும்.

‘வில்யாழ்’ என்னும் சொல்லை வில்லால் இசைக்கும் கருவிகளுக்குப் பயன்படுத்த எண்ணுவோர்க்குப் பெரும்பாணாற்றுப்படை தடையாக நிற்கும். அந்நூலில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டிய கருவியே வில்யாழ். அங்கு வில் என்பது கருவியின் வடிவம். வாசிக்கும் துணைப்பொருள் அன்று. மேலும் ஜாஸ் இசையில் டபுள் பாஸ் பெரும்பாலும் விரலால் மீட்டப்படுவதால், வில்லை அடையாளமாகக் கொள்வதும் முழுமையாகப் பொருந்தாது.

யாழ் தரும் படிப்பினை

தமிழ் மரபு கருவி வகைகளை அளவு, நரம்பு எண்ணிக்கை ஆகியவற்றால் பிரித்தறிந்தது. பேரியாழுக்கு 21 நரம்புகளும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளும் உண்டு என்பது சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் செய்தி. திருவாசகத்தின் திருப்பள்ளியெழுச்சி வீணையரையும் யாழினரையும் தனித்தனியே சுட்டுகிறது. எனினும் யாழ் வழக்கொழிந்த பின் அதனை வீணையாகவே கொள்ளும் மயக்கம் ஏற்பட்டது. அதன் வடிவையும் இசைமுறையையும் மீட்டறிய விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட வேண்டியதாயிற்று. பெயர் மயங்கினால் கருவியைப் பற்றிய அறிவும் மயங்கும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர், வடிவேலு முதலியோர் வழியாகக் கருநாடக இசையில் நிலைபெற்ற வயலின், பிடில் என்னும் கடன்சொல்லுடனேயே தமிழ் இசையரங்கில் வேரூன்றியது. கடன்பெயர் அதன் தமிழ்மயமாக்கத்திற்குத் தடையாகவில்லை. வாசிப்புமுறையும் அமரும் முறையுமே அதனை இம்மண்ணுக்கு உரியதாக்கின.

முடிவுரை

டபுள் பாஸ் என்னும் கடன்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொண்டு, ‘மெலிவுத் தாயியில் ஒலிக்கும், வில்லாலும் விரலாலும் இசைக்கப்படும் பெரிய நரம்புக்கருவி’ என விளக்கம் தருவதே இன்றைய நிலையில் பொருத்தமானது. மெலிவு, சமன், வலிவு என்னும் பழந்தமிழ்க் கலைச்சொற்கள் அவ்விளக்கத்திற்குப் போதிய துணையாகும். திருவாசக இசைவடிவம் போன்ற ஆக்கங்களை ஆராய்வோர் தாழ்ந்த நரம்பொலி அனைத்தையும் ‘வயலின்கள்’ எனத் தொகுத்துக் கூறுவதைத் தவிர்க்க வேண்டும். தமிழ் இசைத் திறனாய்வுக்கு இன்று முதற்கண் தேவைப்படுவது புதிய பெயர்களன்று. கேட்ட ஒலியைக் கருவிவாரியாகப் பிரித்துரைக்கும் பயிற்சியே ஆகும்.