படைக்கருவியும் மனித வரம்பும்: 'சேவிங் பிரைவேட் ரையன்' திரைப்படத்தை முன்வைத்து

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 1998-இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரையன்', 1944-ஆம் ஆண்டு நார்மண்டிப் போரின் படைக்கருவிகளை நுணுக்கமாகக் காட்டுகிறது. இத்துல்லியம் வெறும் அலங்காரமன்று. எம்1 காரண்ட் துப்பாக்கியின் எட்டுக் குண்டுகளும் தீர்ந்ததும், அவற்றைப் பிடித்திருந்த உலோகத் தகடு கணீரென்ற ஒலியுடன் வெளியேறும். சுடுபவன் வெறுங்கையனான கணத்தை அவ்வொலி உணர்த்துகிறது. இவ்வுணர்வு இறுதிப் போர்க்காட்சியில் முழுமை பெறுகிறது. படுகாயமுற்ற கேப்டன் மில்லர், நெருங்கிவரும் டாங்கியை நோக்கிக் கைத்துப்பாக்கியால் சுடுகிறார், டாங்கி வெடிக்கிறது. தகர்த்தது வானூர்தி என்பது மறுகணமே புலனாகிறது. வீரசாகச மயக்கத்தைப் படம் இவ்வாறு கலைக்கிறது. எனினும் மீட்பு மற்றொரு பெருங்கருவியிடமிருந்தே வருகிறது. தனிமனித வீரத்தை ஐயுறும் இப்படம், கருவியின் ஆற்றலை ஐயுறவில்லை எனலாம்.