திருநாளைப்போவார் காத்திருந்த வகை

இடர்ப்பட்டுக் காத்திருப்பார்க்குப் பொறுமை கற்பிக்க வேண்டுங்கால், சைவப் பிரசங்கிகள் பெரும்பாலும் திருநாளைப்போவார் சரிதத்தையே எடுத்தோதுவர். வருவது வருகவென்று வாய்மூடி இருத்தலே இறைவன்மாட்டு வைக்கும் நம்பிக்கை என்பது அவர் அதனின்று கொள்ளும் பொருள். இது சேக்கிழார் வாக்கிற்கு இயைவதா என ஆராய்தல் வேண்டும். என்னை? நீலகிரியிற் பந்தலூர்ப் பக்கத்துச் சேரங்கோடு போன்ற தேயிலைக் காடுகளில் வாழ்வார் செவியில் இவ்வுரை விழும்போது அது வெறும் ஏட்டு வழக்காய் நில்லாதாகலின்.

அம்மக்களுட் பலர் இலங்கையினின்று மீண்ட தோட்டத் தொழிலாளர் குடியினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர் முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் எழுந்த சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போமென நிறுத்திற்று. அவ்வெஞ்சியோரைச் செம்பாதியாகப் பகுக்கும் முடிவு 1974இலேதான் வந்தது. கடவுச்சீட்டிற்கும் கப்பலுக்குமாகக் காத்துக் கிடந்து வந்தார்க்கு வேலை தரும் பொருட்டே 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. சேரங்கோடும் அவற்றுள் ஒன்று. அவர் காத்திருந்தது இறைவன் அருளுக்கா, எழுத்தர் முத்திரைக்கா?

இனிப் பாடத்தை நோக்குக. சேக்கிழார் கூறும் நந்தனார் ஆதனூர்ச் சேரியிற் பிறந்தவர். ஊர்த்தொழிற்கென விடப்பட்ட நிலத்தின் விளைவே அவர்க்கு உணவு. அவரை அடிமை கொண்ட பண்ணையார் ஒருவரும் பெரியபுராணத்தில் இலர். தில்லைக்குப் போகவொட்டாது தடுக்கும் வேதியரும், நாற்பது வேலி நிலம் ஓரிரவில் விளைந்த அற்புதமும், 19ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையிற் புனைந்தவை. இம்மாறுபாடு முதலியன கருதியே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் அளியாது பாரதியாரை நெடிது அலையவைத்தனர் என்பது உ. வே. சாமிநாதையர் எழுத்தால் விளங்கும். காத்திருப்பைப் பாடியவரே ஒரு வாயிலிற் காத்திருக்க நேர்ந்தது!

பிரசங்கிகளோ இரு நூலையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றனர். பண்ணையாரைப் பாரதியாரிடத்தும் பொறுமையைச் சேக்கிழாரிடத்தும் எடுத்து, இறைவன்பொருட்டுக் கொண்ட பொறுமையைப் பண்ணையார்பொருட்டுக் கொண்டதாகத் திரித்துரைக்கின்றனர். குற்றம் பாரதியாரதன்று. தடுத்தவன் மனிதனே என்பதை அவர் ஒளியாது காட்டினார். சேக்கிழார் நூலில் அத்தடை, தம் பிறப்பு இசையாதென நந்தனார் உள்ளத்தே எழும் தயக்கமாக நிற்கின்றது. ஊர் இட்ட தடையே உள்ளத்துட் புகுந்து அங்ஙனம் நின்றது.

அத்தயக்கத்தோடு அவர் வாளா இருந்தாருமல்லர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தார், திருப்புன்கூரிற் குளந்தோண்டினார், பிற தலங்களுக்கும் சென்று தொண்டு செய்தார். நாளை, நாளை என்று தள்ளிப் பன்னாள் கழிந்தபின் தில்லை எல்லையை அடைந்து, இரவும் பகலும் அதனை வலம்வந்தார். அவர்க்கு வாய்த்த பெயரும் நாளைப் 'போவார்' என்பதே. நாளை 'இருப்பார்' என்பதன்று.

இறைவன் செயலோ இதனினும் தெளிவுடையது. பொறுத்திரு என அவன் நந்தனார்க்குக் கூறியதாக ஓரிடத்தும் இல்லை. திருப்புன்கூரில் இடைநின்ற நந்தியை விலக்கினான். தில்லையில் அடியார்க்கு மட்டுமன்றித் தில்லைவாழந்தணர்க்கும் கனவில் ஆணையிட்டான். காத்திருந்தவரைத் தேற்றியதோடமையாது, காக்கவைத்தவரையும் ஏவினான் என்க.

அற்றேல், மறைத்தலும் அருளே எனச் சித்தாந்தம் கூறுமன்றோ எனின், கூறும். ஐந்தொழிலுள் ஒன்றாகிய திரோபவம் மலம் பரிபாகமுறும் அளவும் உயிரை உலக நுகர்ச்சியில் நிறுத்தும் கருணை. கவாத்து வெட்டிய தேயிலைச்செடி இலையின்றி நிற்கக் கண்டு, அது பட்டுப்போயிற்றெனத் தோட்டத்தார் கைவிடார். களையெடுத்து உரமிட்டுக் கொழுந்தை எதிர்நோக்குவர். இறைவன் மறைப்பில் வைக்கும் நம்பிக்கை அத்தகையது. அதுபற்றிக் கத்தி பட்ட வெட்டையெல்லாம் கவாத்தென்றல் அடாது. பதிவேட்டில் ஒருவன் பெயர் விடுபட்டதைத் திரோதான சத்தியின் செயலென்பார், மனிதன் பிழையை இறைவன்மேல் ஏற்றுகின்றனர். எல்லாம் வினைப்பயனே எனின், செய்தவன் பொறுப்பும் வினையே ஆதலின் அவன் தப்புமாறில்லை.

எரிபுகுதல் ஒன்று எஞ்சுகின்றது. மாயாவுடம்பு நீங்கி முனிவடிவு பெற்றனர் என அமைதி கூறுவர். நூல்வழக்கிற்கு அது பொருந்தும்; எரியின்றி வாயில் திறந்திருத்தலாகாதா என்னும் வினா அதனால் அடங்கிவிடாது. எனினும் ஆணை பெற்ற அந்தணர் அச்சத்தோடு தாமே அவர்பாற் சென்று, அவரை மதித்துரைத்து நின்றதைச் சேக்கிழார் விடாது கூறுகின்றார். பிரசங்கங்களில் அப்பகுதி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.